காஸி மூழ்கியது எப்படி? ஞாயிறு இணைப்புக் கட்டுரை குறித்து ஒரு வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் காணாமற்போன போர் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய வரலாற்றையும், அவற்றை வைத்துப் பிறந்த நாவல்களையும் திரைப்படங்களையும் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு பொருளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அக்கட்டுரையின் நடுப்பகுதியில், 1971 போரின்போது எஸ்-21 என்னும் இந்திய நீர்மூழ்கி, பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியைக் கடலுக்கடியில் பல நாள் துரத்திச் சென்று டார்பிடோவால் அழித்தது என்று நடந்த செய்தியைப் போலவே எழுதப்பட்டிருக்கிறது. அது வரலாறு அன்று. 2017-இல் தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டுத் தமிழிலும் மொழிமாற்றிக் காட்டப்பட்ட 'காஸி' திரைப்படத்தின் கதை. சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற அந்தப் படத்தை நானும் ரசித்துத்தான் பார்த்தேன். திரைக்கதை எழுதுபவருக்குக் கற்பனை செய்யும் உரிமை உண்டு. அந்தக் கற்பனையை நாளிதழ் செய்தியாக அச்சிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தியத் தரப்பு அதிகாரபூர்வமாகக் கூறிவருவது வேறு. காஸியை மூழ்கடித்ததாகச் சொல்லப்படுவது நீர்மூழ்கி அன்று, ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற, பிரிட்டனிடமிருந்து வாங்கிய வயதான நாசகாரிக் கப்பல். 1971 டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜ்புத், கடல்நீர் ஓரிடத்தில் கலங்குவதைக் கண்டு அங்கே ஆழ்வெடிகளைப் போட்டது. சற்று நேரத்துக்குப் பின் கரையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி பெரும் வெடியோசை எழுந்தது. பொழுது விடிந்ததும் எண்ணெய்ப் படலமும் உடைந்த பொருள்களும் மிதந்தன. பாகிஸ்தான் தரப்போ, தான் விதைக்க எடுத்துச் சென்ற கண்ணிவெடிகளாலேயே காஸி அழிந்தது என்று கூறிவருகிறது. கப்பலுக்குள் மின்கலன்களிலிருந்து கசிந்த ஹைட்ரஜன் வாயு வெடித்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இந்தியக் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரிகளுக்குள்ளேயே இவ்விஷயத்தில் ஒத்த கருத்து இல்லை. ஆக, விசாகப்பட்டினம் துறைமுக வாயிலுக்கு மிக அருகே, மீனவர்கள் அன்றாடம் போய்வரும் கடற்பரப்பில் கிடக்கும் ஒரு கப்பலைப் பற்றி நம்மிடம் இருப்பவை இரு நாடுகளின் இரண்டு கூற்றுகள், சில ஊகங்கள், ஒரு திரைப்படம். இதில் கடைசியாக வந்ததுதான் இளைஞர்களின் நினைவில் முதலிடம் பிடித்திருக்கிறது. கடற்படையில் சேர ஆயத்தமாகும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அவர்களைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் எஸ்-21 கதையைத்தான் சொல்வார்கள். தங்கள் கட்டுரையாளரும் அந்த எட்டுப் பேரில் ஒருவராகிவிட்டார் என்பது என் வருத்தம்.

இத்தனைக்கும் உண்மையில் நடந்தது திரைக்கதைக்கு எந்த வகையிலும் சுவை குறைந்ததன்று. அமெரிக்காவில் டயப்லோ என்ற பெயரில் கட்டப்பட்டு, 1964-இல் பாகிஸ்தானுக்குக் குத்தகையாக வந்த அந்த நீர்மூழ்கி, 1971 நவம்பர் 14 அன்று கராச்சியை விட்டுப் புறப்பட்டது. அது தேடி வந்தது நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குள் நுழைந்து, முதலில் சென்னைக்கு அப்பால்தான் தேடியது. கிழக்குக் கடற்படைத் தலைமையின் தளபதியாக அப்போது இருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பி மறைத்து வைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தைச் சுற்றியே இருப்பதாக எதிரியை நம்ப வைக்க ஒரு நாடகமே நடத்தினார். ராஜ்புத்தைக் கடலுக்கு அனுப்பி விக்ராந்தைப் போல ஓயாமல் வானொலியில் பேச வைத்தார். விசாகப்பட்டினத்து ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவில் இறைச்சிக்கும் காய்கறிக்கும் ஆணை கொடுக்கச் செய்தார். இவற்றுக்கெல்லாம் மேலாக, விக்ராந்தில் பணிபுரியும் மாலுமி ஒருவர், கவலைக்கிடமாக இருக்கும் தம் தாயாரின் உடல்நிலையைக் கேட்பதுபோல ஒரு தனிப்பட்ட தந்தியைச் சங்கேதம் ஏதுமின்றி அனுப்ப வைத்தார். ஒட்டுக் கேட்பவன் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அனுப்பப்பட்ட தந்தி அது.

இந்தத் தந்தியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வேலூர்த் தந்தி அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய வட ஆற்காடு மாவட்டம் ராணுவத்துக்கு ஆள் கொடுத்துப் பழகிய மண்; கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே மறுபெயர் உண்டு. அங்கிருந்தும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் வந்து, எல்லையில் இருக்கும் மகனுக்கோ கணவனுக்கோ 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி' என்று தந்தி கொடுத்தவர்களை நாங்கள் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. நாற்று நடவுக்கு ஆள் வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பாகப்பிரிவினைக்குக் கையெழுத்து வேண்டும் என எதுவானாலும் வாசகம் அதுதான். சில சமயம் அந்தத் தாயாரே முகப்பில் நின்று, காசை எண்ணிக் கொடுத்து, ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார். படைப்பிரிவிலிருந்து, செய்தி மெய்தானா என்று விசாரித்து எழுதுவதும் உண்டு. கிருஷ்ணன் அந்த உத்தியைத் திருப்பிப் போட்டிருக்கிறார். விடுப்பு வாங்கக் குடும்பங்கள் எழுதிய பொய்யை, ஒரு பகைக் கப்பலைத் தவறான துறைமுகத்துக்கு வரவழைக்க அட்மிரல் எழுதினார். இதைப் படமாக்க ஒரு தமிழ் இயக்குநர் முன்வரவில்லையே என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

கட்டுரையாளரோடு நான் மாறுபடும் இடமும் இதை ஒட்டியதே. காணாமற்போன நீர்மூழ்கிகள் எழுத்தாளர்களின் கற்பனையைத் தூண்டின என்று அவர் எழுதுகிறார். நிகழ்வு முதலில், கற்பனை பிறகு என்பது அவர் கணக்கு. என் வாசிப்பில், இவ்விஷயத்தில் முதற்கற்பனையைப் பெரும்பாலும் எழுதியவை அரசுகள். நாவலாசிரியர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

கட்டுரையில் இரண்டே பத்திகளில் முடிந்துபோன கே-129 நிகழ்வை எடுத்துக்கொள்வோம். 98 பேரோடும் மூன்று அணு ஏவுகணைகளோடும் 1968 பிப்ரவரி இறுதியில் கம்சாத்கா தளத்திலிருந்து புறப்பட்ட அந்த சோவியத் டீசல் நீர்மூழ்கி, மார்ச் மாதத்தில் வட பசிபிக்கில் மூழ்கியது. எங்கே என்பது சோவியத் கடற்படைக்கே தெரியவில்லை. வாரக்கணக்கில் கப்பல்களும் விமானங்களும் அலைந்தும் பயனில்லாமல் தேடலைக் கைவிட்டார்கள். ஆனால் அவர்கள் தேடிய பரபரப்பைக் கொண்டே அமெரிக்கர்கள் ஒரு கப்பல் தொலைந்திருப்பதை ஊகித்தார்கள். பிறகு, கடலுக்கடியில் ஒலி கேட்பதற்காக வைத்திருந்த கருவிகளின் பதிவுகளைப் புரட்டி, ஒரே ஓசை வெவ்வேறு நிலையங்களை வந்தடைந்த நேர வேறுபாட்டிலிருந்து இடத்தைக் கணக்கிட்டார்கள். ஹாலிபட் என்ற நீர்மூழ்கி அங்கே சென்று, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவை நீண்ட கம்பியில் கேமராவை இறக்கிப் படமெடுத்து வந்தது.

அதைத் தூக்கி எடுக்க சி.ஐ.ஏ. திட்டமிட்டபோதுதான் அந்தப் பெருங்கற்பனை எழுதப்பட்டது. கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ், கடலடியில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் மாங்கனீசுத் தாதுவை அள்ளுவதற்காக 'குளோமார் எக்ஸ்ப்ளோரர்' என்ற ஒரு ராட்சதக் கப்பல் கட்டுகிறார் என்பதே கதை. கப்பலின் அடிவயிறு திறந்துகொள்ளும். உள்ளிருந்து குழாய்களைக் கோத்துக் கோத்து இறக்கி, அவற்றின் நுனியில் இருக்கும் இரும்புப் பிடியால் நீர்மூழ்கியைக் கவ்வ வேண்டும். இவ்வளவையும் உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தாது அள்ளும் வேலை என்று சொல்லியே செய்தார்கள். சுரங்க நிறுவனங்களும் பேராசிரியர்களும் அதை நம்பி, ஆழ்கடல் சுரங்கத் தொழிலைப் பற்றித் தீவிரமாகப் பேசத் தொடங்கினார்கள். எந்த நாவலுக்கு வாய்த்திருக்கிறது இப்படியொரு வாசகர் கூட்டம்? 1974 கோடையில் கப்பல் வேலையை முடித்துத் திரும்பியபோது, தூக்கி வந்ததில் பெரும்பகுதி வழியிலேயே முறிந்து மீண்டும் ஆழத்துக்குப் போயிருந்தது. கிடைத்த பகுதியில் ஆறு சோவியத் மாலுமிகளின் உடல்கள் இருந்தன. அவர்களுக்குக் கடலிலேயே இறுதி மரியாதை செய்து அதைப் படமும் பிடித்து வைத்தார்கள். அந்தப் படச்சுருள் ரஷ்யாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது 1992-இல். அதுவரை அந்தக் குடும்பங்களுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கும் என்பதை ராணுவக் குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊர்ப்பக்கத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1975-இல் பத்திரிகைகள் விஷயத்தை வெளியிட்ட பிறகும் சி.ஐ.ஏ. கொடுத்த பதில், அப்படி ஆவணங்கள் இருப்பதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதுதான். இந்தப் பதிலுக்கு அந்தக் கப்பலின் பெயராலேயே 'குளோமார் பதில்' என்று அமெரிக்கச் சட்ட வழக்கில் பெயர் நிலைத்துவிட்டது. (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் தம்பி தங்கைகளைத் தெரிந்திருக்கும்.) அரசு வாயை மூடிக்கொண்ட அந்த வெற்றிடத்தில்தான் மற்றக் கதைகள் முளைத்தன. நீர்மூழ்கியைக் கலகக்காரர்கள் கைப்பற்றி அணு ஏவுகணையை ஏவ முயன்றார்கள், அமெரிக்கக் கப்பல் மோதி மூழ்கடித்தது என்று நூல்கள் வந்தன, படமும் வந்தது. அவற்றை எழுதியவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

டைட்டானிக் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் இப்படிப்பட்டதே. 1985-இல் கடலாய்வாளர் ராபர்ட் பல்லார்ட் அதைத் தேடிப் போனதாகத்தான் உலகம் அறிந்தது. உண்மையில் அமெரிக்கக் கடற்படை அவருக்குப் பணம் கொடுத்தது, 1963-இல் 129 பேரோடு மூழ்கிய திரெஷர், 1968-இல் 99 பேரோடு மூழ்கிய ஸ்கார்ப்பியன் என்னும் தன் இரு அணுசக்தி நீர்மூழ்கிகளின் சிதைவுகளை ஆராய்வதற்காக. அந்த வேலை முடிந்தபின் மிஞ்சிய நாள்களில்தான் டைட்டானிக்கைத் தேடிக்கொள்ள அனுமதி. அதாவது, உலகம் கொண்டாடிய அந்தத் தேடல் இன்னொரு தேடலுக்குப் போர்த்திய போர்வை.

இப்படிச் சொல்வதால் தேடலில் கற்பனைக்கு இடமில்லை என்று பொருளாகாது. ஸ்கார்ப்பியனைத் தேடியபோது ஜான் கிரேவன் என்ற அறிவியலாளர் பின்பற்றிய முறையைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது. அவர் அனுபவம் மிக்க நிபுணர்களை அழைத்து, அந்தக் கப்பலுக்கு என்ன நேர்ந்திருக்கலாம் என்று பல கதைகளை அமைக்கச் செய்தார். டார்பிடோ கோளாறா, திசை மாறித் திரும்பியதா, எவ்வளவு வேகத்தில் மூழ்கியிருக்கும் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பந்தயம் கட்டுவீர்கள் என்று கேட்டார். அந்த மதிப்பீடுகளைக் கடல் வரைபடத்தின் கட்டங்களில் நிகழ்தகவுகளாகப் பிரித்துப் போட்டு, ஓரிடத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தின் மதிப்பைக் குறைத்து மற்றவற்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1968 மே மாதத்தில் தொலைந்த கப்பல், அக்டோபர் இறுதியில் அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில் கிடைத்தது. நிபுணர்கள் எழுதியவையும் கதைகளே. ஆனால் கடல் இல்லை என்று சொன்னால் மறு பேச்சின்றி அடித்துவிட ஆயத்தமாக எழுதப்பட்ட கதைகள். அரசுகள் எழுதிய கதைகளுக்கும் திரையில் நாம் பார்ப்பவற்றுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கையில் கிடைத்த உண்மையான தடயமே வழி தவறச் செய்வதும் உண்டு. 1968 ஜனவரியில் 69 பேரோடு மத்தியதரைக் கடலில் தொலைந்தது இஸ்ரேலின் டக்கார். அதன் அபாய மிதவை ஓராண்டு கழித்துக் காஸா கரையில் ஒரு மீனவர் கண்ணில் பட்டது. அந்த மிதவையை ஆராய்ந்த நிபுணர்கள், கப்பல் தன் பாதையிலிருந்து வெகுதொலைவு விலகியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அதை நம்பிப் பல ஆண்டுகள் வேறு இடங்களில் தேடினார்கள். கடைசியில் 1999-இல் அது கிடைத்தது, கிரீட்டுக்கும் சைப்ரஸுக்கும் இடையே, அது வந்திருக்க வேண்டிய நேர்ப்பாதையிலேயே.

அர்ஜென்டினாவின் சான் ஹுவான் இன்னும் அண்மைக்கால நிகழ்வு. 44 பேரோடு 2017 நவம்பர் 15 அன்று தொடர்பற்றுப் போன அதன் கடைசிச் செய்திகளில், காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியே கடல்நீர் புகுந்து மின்கலன் பகுதியில் தீப்பிடித்த விவரம் இருந்தது. தேடலின் முதல் நாள்களில் செயற்கைக்கோள் தொலைபேசி அழைப்புகள் வந்ததாகவும், கப்பல் சுவரைத் தட்டும் ஓசை கேட்டதாகவும் செய்திகள் பரவின. இரண்டுமே உண்மையில்லை என்று தெரிய வந்தது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பின் நீரடி ஒலிவாங்கிகள் மட்டும், அதே நாளில் ஓர் அசாதாரண ஓசையைப் பதிவு செய்திருந்தன. அரசு தேடலைக் குறைத்துக்கொண்டபோது, குடும்பத்தினர் தலைநகரின் மைய சதுக்கத்தில் கூடாரமிட்டு அமர்ந்து, தேடலைத் தொடர வைத்தார்கள். ஓராண்டும் சில நாள்களும் கழித்து, ஒரு தனியார் நிறுவனத்தின் தானியங்கி ஊர்திகள் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டன.

திரெஷரைப் பொறுத்தவரை, பொறி அறையில் ஒரு குழாயின் பற்றவைப்பு மூட்டு விட்டுப்போனதில் அழிவு தொடங்கியது என்பதே விசாரணைக் குழு எட்டிய முடிவு. சான் ஹுவானில் தொடக்கம் காற்றுக் குழாயில் புகுந்த நீர். இவற்றில் வில்லன் யாரும் இல்லை. பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம், அவசரத்தில் முடித்த பழுது வேலை, கேட்கப்படாத எச்சரிக்கை ஆகியவையே இருக்கின்றன. திரைப்படங்கள் இந்த இடத்தில் எதிரிக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அதனால் கேட்க வேண்டிய கேள்வி மறைந்துபோகிறது. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருந்த நிலையிலேயே நம் சிந்துரக்‌ஷக் வெடித்து 18 பேர் இறந்தார்கள். அதைப் பற்றித் தமிழில் ஒரு நாவலாவது வந்ததாக எனக்கு நினைவில்லை. எதிரி இல்லாத சாவுக்குக் கதை எழுத நம்மவர்களுக்கும் மனம் வருவதில்லை போலும்.

இந்தத் தேடல் வேலை நமக்கு அந்நியமானதும் அன்று. முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்து இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்ட அரக்கோணத்தில், 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்த ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இயங்குகிறது. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. நெமிலி, சோளிங்கர்ப் பக்கத்து வயல்களுக்கு மேலே ஏறிச் செல்லும் பி-8ஐ விமானங்களின் முக்கியமான வேலைகளில் ஒன்று நீர்மூழ்கிகளைத் தேடுவது. விமானத்திலிருந்து உதிர்க்கும் சோனோபாய் என்ற மிதவைகள் நீரில் விழுந்ததும் ஒலிவாங்கியைக் கீழே இறக்கிவிடும். அது கேட்பதை மேலே உள்ளவர்கள் திரையில் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். 2014-இல் மலேசிய விமானம் எம்.எச்.370 மறைந்தபோது வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் தேடச் சென்றவற்றுள் இந்தத் தளத்து விமானங்களும் உண்டு. 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் நங்காலா நீர்மூழ்கி 53 பேரோடு தொலைந்தபோது, நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு ஊர்தி விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்பியது. அது போய்ச் சேருமுன்பே கப்பல் உடைந்து கிடப்பது உறுதியாகிவிட்டது. அதே வகை ஊர்தியைக் கொண்டு காஸியின் சிதைவு இருக்குமிடத்தை இந்தியக் கடற்படை கண்டறிந்ததாக 2024 தொடக்கத்தில் செய்திகள் வந்தன. இறந்தவர்கள் மீதுள்ள மரியாதையால் சிதைவைத் தொடாமல் விட்டிருப்பதாகவும் அவற்றில் சொல்லப்பட்டது. அதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் தொடாமலே படமெடுத்து, உடற்பகுதியின் உலோகம் வெளிப்பக்கமாக விரிந்திருக்கிறதா, உட்பக்கமாக நெளிந்திருக்கிறதா என்று வல்லுநர்கள் பார்த்துச் சொல்ல முடியாதா?

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, எஸ்-21 காஸியை மூழ்கடித்தது என்ற வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும். அதையும் உள்பக்க மூலையில் இரண்டு வரியாக வெளியிடாமல், கட்டுரை வந்த ஞாயிறு இணைப்பிலேயே, இந்தியத் தரப்புக் கூற்றையும் பாகிஸ்தான் தரப்புக் கூற்றையும் அடுத்தடுத்து வைத்து வெளியிட வேண்டும். இரண்டாவது, கராச்சித் துறைமுகத் தாக்குதலின் நினைவாக ஆண்டுதோறும் டிசம்பர் 4-ஆம் தேதி கடற்படை நாள் வருகிறது. காஸி மூழ்கியது அதற்கு முந்தைய இரவில்தான். அந்த நாளுக்காகத் தாங்கள் வெளியிடும் சிறப்புப் பக்கத்துக்கு இம்முறை ஒரு செய்தியாளரை அரக்கோணத்துக்கு அனுப்புங்கள். தளத்துக்குள் போக அனுமதி கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. அந்த விமானங்களில் ஒலி கேட்டு ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். சொல்லக் கூடிய அளவுக்குச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தந்தி அலுவலக ஊழியர் (ஓய்வு),
காட்பாடி, வேலூர் மாவட்டம்.